பழைய லேப்டாப், போன் நன்கொடை: படிவத்தில் உள்ள சொற்கள் புரியவில்லை

மொட்டைமாடி:

வணக்கம். எங்கள் குடியிருப்பில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப், போன், டேப்லெட்களைச் சேகரித்து, அவற்றைச் சரிசெய்து மாணவர்களுக்குக் கொடுக்கும் ஓர் அமைப்பிடம் ஒப்படைப்பதாக முடிவு. பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. பெட்டிகள் நிரம்பிவிட்டன. ஆனால் அமைப்பு அனுப்பிய படிவத்தைப் பார்த்தால் மண்டை காய்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ‘டேட்டா சானிடைசேஷன்: கிளியர் / பர்ஜ்’, ‘ஆக்டிவேஷன் லாக் / எஃப்ஆர்பி நீக்கப்பட்டதா’, ‘எம்டிஎம் உண்டா’, ‘கிரேடு’, ‘பேட்டரி ஹெல்த்’ என்று கட்டங்கள்.

கொடுத்தவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான்: “ரீசெட் பண்ணிட்டேன் சார்.” அது போதுமா? இந்தக் கட்டங்களில் நான் என்ன எழுதுவது?

கோப்புக்காவலன்:

எதற்குச் சார் இந்தத் தலைவலி? ஹார்ட் டிஸ்கைக் கழற்றி டிரில் போட்டு ஓட்டை போடுங்கள். மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள். யாராலும் எதையும் மீட்க முடியாது.

திருப்புளி:

வந்து சேரும் கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் மேசையில்தான் எனக்கு வேலை. அங்கிருந்து பார்க்கும்போது தெரிவதைச் சொல்கிறேன். கொடுப்பவர்கள் எல்லோரும் கவலைப்படுவது டேட்டாவைப் பற்றி. எங்களை அழவைப்பது பூட்டு. ரீசெட் வேறு, பூட்டைத் திறப்பது வேறு.

அதனால் பூட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஐபோன், ஐபேடில் தொலைந்த கருவியைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’ வசதி ஓடிக்கொண்டிருந்தால் ஆக்டிவேஷன் லாக் விழுந்திருக்கும். 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த ஏற்பாடு இது. ஆண்ட்ராய்டில் இதற்கு இணையானது ஃபேக்டரி ரீசெட் புரொடெக்ஷன், சுருக்கமாக எஃப்ஆர்பி; 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்தது. இரண்டும் திருடனுக்காக வைத்த பூட்டுகள். கணக்கை நீக்காமல் கருவியை மட்டும் அழித்துக் கொடுப்பது, வீட்டைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது மாதிரி. கீறல் விழாத டேப்லெட் ஒன்று மேசைக்கு வரும். ஆன் செய்தால் ‘ஹலோ’ என்று வரவேற்கும், மொழி கேட்கும், வைஃபை கேட்கும், அப்புறம் யாரோ ஒருவருடைய பாதி மறைத்த மின்னஞ்சலைக் காட்டி பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை. உதிரி பாகத்துக்குத்தான் போகும்.

வழி இதுதான். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் போய், மேலே இருக்கும் பெயரைத் தொட்டு, சைன் அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டு கேட்கும், அதைக் கொடுத்தால்தான் ஃபைண்ட் மை அணையும். பிறகுதான் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் முதலில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். பட்டன்களை அழுத்திப் பிடித்து ரிகவரி மெனு வழியாக அழித்தால் பூட்டு அப்படியே இருக்கும். முக்கால்வாசிப் பேர் மாட்டுவது இங்கேதான், ஏனென்றால் திரைப் பூட்டு மறந்துபோன பழைய போனுக்கு வேறு வழி தெரியாமல் அதைத்தான் செய்கிறார்கள். ஐபோனைப் பெட்டியில் போட்ட பிறகு ஞாபகம் வந்தால்கூடப் பரவாயில்லை. உரிமையாளர் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, அந்தக் கருவியைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

நீங்கள் சரிபார்ப்பது சுலபம். ரீசெட் ஆனதாகச் சொல்லும் ஒவ்வொன்றையும் வைஃபையில் இணைத்து, பழைய கணக்கைக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் அந்தக் கட்டத்தில் ‘ஆம்’.

எம்டிஎம் என்பது நிறுவனமோ பள்ளியோ தன் கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு. எத்தனை முறை அழித்தாலும் இணையத்தில் இணைந்ததும் “இக்கருவி இன்னாருக்குச் சொந்தம்” என்று திரும்பி வந்து நிற்கும். அதை விடுவிக்க அந்த நிறுவனத்தின் ஐடி ஆட்களால்தான் முடியும். வேலையை விட்டபோது திருப்பித் தராத லேப்டாப்பை யாராவது உங்கள் பெட்டியில் போட்டிருந்தால், அன்பாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மொட்டைமாடி:

அப்படி ஒன்று இருக்கிறது சார்! ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சரி, கிளியர், பர்ஜ்?

திருப்புளி:

அவை டேட்டா சானிடைசேஷனின், அதாவது டேட்டாவை மீட்க முடியாதபடி அழிப்பதன், படிநிலைகள். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2006-இல் வெளியிட்ட 800-88 வழிகாட்டியில் வருபவை. கிளியர் என்றால் சாதாரண மீட்பு மென்பொருளால் எடுக்க முடியாதபடி அழிப்பது. பர்ஜ் என்றால் ஆய்வகக் கருவி வைத்தாலும் எடுக்க முடியாதபடி. மூன்றாவது டிஸ்ட்ராய், அதாவது வட்டையே சிதைப்பது; நண்பர் கோப்புக்காவலனின் டிரில் அந்த வழியில் போகிறது. ராணுவ ரகசியம் வைத்திருப்பவர் செய்யட்டும். ஆனால் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் டேட்டாவை வைக்கும் வட்டு) உள்ளே இருக்கும் சிப்பில் படாமல் ஓட்டை விழுந்தால் டேட்டா அப்படியே இருக்கும், வட்டு மட்டும் வீண்.

லேப்டாப்பில் குவிக் ஃபார்மட் எதையும் அழிப்பதில்லை, கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் ஒரு தடவை மேலெழுதினால் கிளியர் ஆகிவிடும். விண்டோஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ போய், எல்லாவற்றையும் நீக்கு என்று தேர்ந்து, அமைப்புகளில் ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்தால் அதுவே மேலெழுதும். நேரம் எடுக்கும், இரவு ஓடவிடுங்கள். ஏழு தடவை, முப்பத்தைந்து தடவை மேலெழுத வேண்டும் என்பதெல்லாம் அந்தக்காலத்துப் பயம்.

எஸ்எஸ்டி வேறு சாதி. தேய்மானத்தைப் பரவலாக்க அது டேட்டாவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாத உபரி இடமும் உண்டு. மேலெழுதுவது எல்லா மூலைக்கும் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளரின் மென்பொருளிலோ, சில லேப்டாப்களின் பயாஸிலோ (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இருக்கும் சானிடைஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது பர்ஜ். இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்தே, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே, வைத்திருக்கின்றன. ரீசெட்டில் அதன் கீ அழிந்துவிடும். அங்கே கவலையில்லை.

எது என்ன வட்டு என்று தெரியாவிட்டால் ‘செய்யவில்லை’ என்று எழுதுங்கள். ஒழுங்கான அமைப்பு என்றால் அவர்களே அழித்து, சீரியல் எண் போட்டுச் சான்றிதழ் தருவார்கள். வட்டைக் கழற்றித்தான் தீருவேன் என்பவர்களிடம் ஒரே வேண்டுகோள்: வட்டைப் பிடித்திருக்கும் சட்டத்தையும் திருகுகளையும் லேப்டாப்போடு விட்டுவிடுங்கள். சார்ஜரையும்!

நிழற்குடை:

இடையில் ஒன்று. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வசதி வேண்டும், பழைய பிராசசர்களை ஏற்காது. அப்படிப்பட்ட லேப்டாப்களை யாராவது வாங்குவார்களா?

திருப்புளி:

தாராளமாக. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டோ குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸோ போன்ற இலவச இயங்குதளம் போட்டால் படிக்கவும் எழுதவும் நன்றாக ஓடும். ரேம் 4 ஜிபியாவது இருக்கட்டும். பயாஸ் பாஸ்வேர்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவிலிருந்து பூட் செய்யவே விடாது.

கிரேடு என்பது பெரும்பாலும் தோற்றத்துக்கு. ஏ என்றால் புதிது போல, பி என்றால் லேசான கீறல், சி என்றால் நன்றாக அடிபட்டது. ஒவ்வோர் அமைப்பும் எல்லைக்கோட்டை வேறு இடத்தில் போடும், அதனால் கீறல், உடைந்த கீ, திரையில் கோடு என்று கண்ணால் பார்த்ததை எழுதிவிட்டால் போதும். பேட்டரி ஹெல்த் என்பது, புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பது. 80-க்குக் கீழே போனால் மாற்றும் யோசனைக்கு வந்துவிடுவோம்.

மொட்டைமாடி:

மிக்க நன்றி சார். கடைசியாக ஒன்று. ஒரு லேப்டாப்பில் டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கிளிக் ஆகவில்லை. மேசையில் வைத்தால் ஆடுகிறது. கிரேடு சி தானே?

திருப்புளி:

கிரேடை விடுங்கள், பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், டச்பேடை அமுக்கி உட்காரவைக்கப் பார்க்காதீர்கள், மற்றவற்றோடு பெட்டியில் அடுக்காதீர்கள். அணைத்து, தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். கழற்றத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, பேட்டரியை மட்டும் மின்கழிவு சேகரிப்பில் சேர்த்துவிடுங்கள். லேப்டாப்பை அனுப்பலாம், படிவத்தில் ‘பேட்டரி அகற்றப்பட்டது’ என்று எழுதி.