அடர்புதரில் சாம்பர் மான்: .30-06 துப்பாக்கிக்கு 220 கிரெய்ன் குண்டு சரிவருமா?

கேள்வி: புதர்ப்பக்கம்

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைப்பகுதியில், ஜேமிசன், லிக்கோலா பக்கம், சாம்பர் வேட்டைக்கு .30-06 (0.308 அங்குல விட்டக் குண்டு) போல்ட் துப்பாக்கி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். மான் வேட்டை உரிமம் இருக்கிறது. பீப்பாய் 22 அங்குலம், ரைஃப்ளிங் (பீப்பாய்க்குள் குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளம்) முறுக்கு 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று, ஸ்கோப் 1.5-6 மடங்கு. 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) சாதா சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் தெரியும் குண்டு) போட்டால் 100 மீட்டரில் மூன்று குண்டும் 3 செ.மீ.க்குள் விழுகின்றன.

போகப்போகும் இடம் முழுக்க பிளாக்பெரி முள்ளும் மரப்பெரணியும். 30 முதல் 60 மீட்டருக்கு மேல் எதுவும் கண்ணில் படாது. கனமான வட்டமூக்குக் குண்டுதான் புதரை வெட்டிக்கொண்டு போகும் என்று கேள்விப்பட்டு 220 கிரெய்ன் ஃபேக்டரி தோட்டா வாங்கினேன். இப்போது சிக்கல்கள்:

220-இன் குரூப் (அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் விழும் பரப்பு) 9 செ.மீ. அளவுக்கு விரிகிறது. மொத்தக் குரூப்பும் 150-இன் இடத்திலிருந்து 7 செ.மீ. கீழே, 4 செ.மீ. இடப்பக்கம். மேகசினிலிருந்து ஏறும்போது சில சமயம் தோட்டா முட்டி நின்றுவிடுகிறது.

220-ஐயே சரிசெய்து வைத்துக்கொள்வதா, 180-க்குப் போவதா, இல்லை பருமனான குண்டு போடும் .45-70 லீவர் துப்பாக்கி வாங்குவதா?

பதில்: ஓடைக்கரை

முதலில் "புதரை வெட்டும் குண்டு" கதையை முடித்துவிடுவோம். அப்படி ஒரு குண்டு கிடையாது. 150-ஆனாலும் 220-ஆனாலும் .45-70-இன் 405-ஆனாலும், விரல் தடிமன் குச்சியில் பட்டால் திசை மாறும், இல்லை தலைகுப்புறப் புரளும். கனமான குண்டு சில நேரம் கொஞ்சம் குறைவாக விலகும். அதை நம்பிச் சுடும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

குச்சிக்கும் மானுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. ஒரு டிகிரி விலகினால் 1 மீட்டர் தள்ளி 1.7 செ.மீ. பிசகும், 10 மீட்டர் தள்ளி 17 செ.மீ. பிசகும். ஆகவே மானின் விலாவை உரசி நிற்கும் இலை பெரிய தொல்லை இல்லை. உங்கள் முன்னால் ஐந்தாவது மீட்டரில் இருக்கும் குச்சிதான் நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டை வயிற்றுக்குத் திருப்பிவிடும். புரண்டு போகும் குண்டு பக்கவாட்டில் பட்டால் ஒழுங்காக விரியாது, ஆழமாகவும் இறங்காது.

இடைவெளி கிடைக்காவிட்டால் சுடக்கூடாது. குண்டை மாற்றுவது இதற்குத் தீர்வில்லை. அசைவை மட்டும் பார்த்துப் புதருக்குள் சுடுவது எப்படியும் கூடாது. அந்தப் பக்கம் இன்னொரு வேட்டைக்காரர் இருக்கலாம்.

பதில்: முறுக்குக்கணக்கு

9 செ.மீ. குரூப்புக்கு என் சந்தேகங்கள், பார்க்க வேண்டிய வரிசையில்.

காகிதத்தில் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீள்வட்டமாகவா? நீள்வட்டம் என்றால் குண்டு நிலைகொள்ளாமல் ஆடுகிறது. பழைய கிரீன்ஹில் சூத்திரம் போட்டுப் பாருங்கள்: 150 × விட்டத்தின் வர்க்கம் ÷ குண்டின் நீளம். 220 வட்டமூக்கு ஏறத்தாழ 1.3 அங்குல நீளம் என்றால் 150 × 0.308 × 0.308 ÷ 1.3 = 10.9, அதாவது 10.9 அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவை. உங்கள் 11 அங்குல முறுக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. இந்தச் சூத்திரம் கொஞ்சம் அதிகமாகவே பயப்படும், அதனால் பெரும்பாலும் ஓடிவிடும். கவனிக்க வேண்டியது எடையை அல்ல, நீளத்தை. வட்டமூக்கு கட்டை குட்டையாக இருப்பதால்தான் தப்பிக்கிறது. அதே எடையில் கூர்மூக்கு வாங்கினால் நிலைமை மோசமாகும்.

ஓட்டை வட்டம் என்றால் அடுத்தது பீப்பாய். செம்புக் கரைப்பான் நனைத்த துணியை விட்டு பத்து நிமிடம் கழித்து இன்னொரு துணி இழுங்கள். நீலமாக வந்தால் செம்பு படிந்திருக்கிறது. வெள்ளையாக வரும்வரை தொடருங்கள். பிறகு துப்பாக்கியின் இரும்புப் பாகத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் முன்திருகு, பின்திருகு இரண்டையும் டார்க் ரெஞ்சால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். கனமான குண்டின் உதை தளர்ந்த திருகைச் சும்மா விடாது. ஸ்கோப் வளையங்களையும் அப்படியே பாருங்கள்.

கடைசியாக உங்கள் தோள். மேகசினில் டம்மித் தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) ஒன்றை, எந்த இடத்தில் என்று தெரியாதபடி, வேறொருவரைக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது முனை துள்ளினால் குரூப் விரியக் காரணம் குண்டு இல்லை, உதையை எதிர்பார்த்துத் துள்ளும் உங்கள் தோள்தான்.

கீழேயும் இடப்பக்கமும் நகர்ந்தது கோளாறே இல்லை. வேகம் குறைந்த குண்டு பீப்பாய்க்குள் அதிக நேரம் இருக்கும், அதிர்வும் வேறு. ஜீரோ (ஸ்கோப் குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும் அமைப்பு) மாறத்தான் செய்யும். இரண்டு எடைகளைக் கலந்து பையில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

பதில்: போல்ட்கைப்பிடி

ஏறாமல் முட்டுவதற்கு: மேகசினை நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் பின்பக்கத்தையும் பின்சுவரோடு ஒட்டும்படி தள்ளுங்கள். முன்னால் நகர்ந்து நின்றால் மழுங்கிய மூக்கு சேம்பரின் (பீப்பாயில் தோட்டா உட்காரும் அறை) கீழ் விளிம்பில் போய் இடிக்கும். ஏறுபாதையில் (மேகசினிலிருந்து சேம்பருக்கு ஏறும் சரிவு) சாம்பல் நிற ஈயக் கோடு தெரிகிறதா பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று அதுவே காட்டிவிடும். மேகசின் கொக்கி "டக்" என்று முழுசாக உட்கார வேண்டும். போல்ட்டைக் கடைசிவரை பின்னிழுத்து ஒரே வீச்சில் தள்ளுங்கள். சத்தம் வரக்கூடாது என்று மெள்ளத் தள்ளினால் வட்டமூக்கு கட்டாயம் தகராறு செய்யும். ஏறுபாதையை அரம் போட்டு ராவ மட்டும் போகாதீர்கள்.

புதர்ப்பக்கம்:

பார்த்துவிட்டேன். ஓட்டைகள் வட்டம்தான். துணி நல்ல நீலம். முன் திருகு கால் சுற்று இறங்கியது. இப்போது 220-இல் குரூப் 5 செ.மீ. ஏறுபாதையின் இடப்பக்கம் ஈயக் கோடு இருந்தது, பின்சுவரோடு ஒட்டிப் போட்டதும் முட்டுவது நின்றது. புதரை வெட்டாது என்றால் கனமான குண்டு எதற்கு?

பதில்: ஓடைக்கரை

எலும்புக்காக. முதிர்ந்த ஆண் சாம்பர் 200 கிலோவைத் தாண்டும். சேற்றில் புரண்டு, கழுத்திலும் தோளிலும் காய்ந்த மண் அப்பியிருக்கும். புதரில் அது பக்கவாட்டில் அழகாக நின்று தராது. சாய்வாக, பாதி மறைந்து நிற்கும். தோள் எலும்பை உடைத்துக்கொண்டு நெஞ்சுக்கூட்டின் அடுத்த பக்கம்வரை போக வேண்டும்.

இங்கே 150 சாஃப்ட் பாயிண்டுக்கு வேகம்தான் எதிரி. நொடிக்கு 2900 அடியில் கிளம்பியது 40 மீட்டரில் அந்த வேகத்தை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கும். மெல்லிய ஜாக்கெட் (செம்பு உறை), உள்ளே ஒட்டாத ஈயம். தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிடும். மேலே பெரிய காயம், உள்ளே நுரையீரல் தப்பித்துக்கொள்ளும். இதே குண்டு 200 மீட்டரில் ஒழுங்காக வேலை செய்யும். 220 கிளம்புவதே 2400 அடிக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு 24 அங்குலப் பீப்பாய்க்கு. மெதுவாக வருவதால் சாதா ஜாக்கெட்டும் தாங்கும். நீண்ட குண்டு என்பதால் ஆழமும் போகும்.

குறுக்குவெட்டு அடர்த்தி (விட்டத்தோடு ஒப்பிட்ட எடை, கூடினால் ஆழம் போகும்) பாருங்கள்: .308 விட்டத்தில் 150-க்கு 0.226, 180-க்கு 0.271, 220-க்கு 0.331. .45-70-இன் 300 கிரெய்ன் 0.204 மட்டுமே. பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தத் துப்பாக்கியில் 405-க்குப் போனால்தான் 0.276, உங்கள் 180-க்குச் சமம்.

பதில்: முறுக்குக்கணக்கு

நான் 180 பக்கம். ஆனால் எந்த 180 என்பதுதான் கேள்வி. ஈயத்தை ஜாக்கெட்டோடு ஒட்டவைத்த பாண்டட் வகை (அக்யூபாண்ட், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், நார்மா ஓரிக்ஸ், விக்டோரியாவிலேயே பிறந்த வுட்லீ வெல்ட்கோர்), இல்லாவிட்டால் நடுவில் செம்புச் சுவர் வைத்த நோஸ்லர் பார்ட்டிஷன். பார்ட்டிஷன் 1948-லிருந்து விற்பனையில் இருக்கிறது. முன்பாதி சிதறினாலும் பின்பாதி முழுசாக உள்ளே போகும் என்பதே அதன் உத்தி. இவற்றில் 180 எடுத்தால் 2700 அடி வேகத்தில் தோளில் பட்டாலும் முழுசாகச் சிதறாது. சாதா 220-ஐவிட நம்பலாம், உதையும் குறைவு, 150 மீட்டர் திறந்த சரிவில் மான் நின்றாலும் யோசிக்க வேண்டாம்.

முழுச்செம்புக் குண்டு என்றால் 180 வேண்டாம், 165 அல்லது 168 போதும். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்கு நீளம் கூடும், உங்கள் முறுக்கு பிடிக்காமல் போகலாம். எடை இழக்காது என்பதால் இலகுவானதே ஆழம் போகும். ஈயத்துகள் இறைச்சியில் சேராது என்பது கூடுதல் லாபம்.

சட்டப்படி சாம்பருக்கு விக்டோரியாவில் குறைந்தது .270 அங்குல விட்டம், 130 கிரெய்ன். மேலே சொன்ன எல்லாம் அதைத் தாண்டியவை.

பதில்: வன்னிக்காடு

எல்லோரும் குண்டையே பேசுறீங்கள். மரைக்கு (சாம்பரை நாங்கள் அப்படித்தான் சொல்லுறது) இதயம் நல்லாக் கீழே, முன்னங்காலுக்கு நடுவிலே இருக்குது. விலாவின் நடு உயரத்தில் வைச்சால் இதயத்திலே படாது, நுரையீரலிலேதான் படும். உடனே விழாமல் முள்ளுக்குள்ளே ஓடக்கூடும். முன்னங்கால் கோட்டிலே, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில் வையுங்கோ. சாய்ஞ்சு நிண்டால் மற்றப் பக்கத்துத் தோளைக் குறி வையுங்கோ.

இன்னொண்டு. ஸ்கோப் பீப்பாயைவிட நாலு சென்ரிமீற்றர் உயரத்திலே இருக்கு. மரக்கட்டையிலே துவக்கைச் சாய்ச்சுப் பார்க்கேக்கை கண்ணாடிக்குள்ளே வெளியாத் தெரியும். பீப்பாய்க்கு முன்னாலே பெரணித்தண்டு நிற்கும். ஸ்கோப்பை ஆகக்குறைஞ்ச மடங்கிலே வைச்சாலும் கிட்ட நிற்கிற குச்சி மங்கித் தெரியாமல் போயிடும். சுட முதல் தலையைத் தூக்கி, பீப்பாயின்ரை வழியே ஒருக்கால் வெறுங்கண்ணாலே பாருங்கோ.

சுட்டாப் பிறகு ஓடாதேயுங்கோ. மான் நிண்ட இடத்தையும் கடைசியாய்த் தெரிஞ்ச மரத்தையும் மனசிலே குறிச்சு, பதினைஞ்சு நிமிசம் பொறுங்கோ. நுரை விழுந்த இளஞ்சிவப்பு இரத்தம் எண்டால் நுரையீரல், கிட்டத்தான் கிடக்கும். கறுப்பாய், இல்லாட்டில் பச்சைக் குழம்போடை வந்தால் வயிறு. மணித்தியாலக் கணக்கிலே காத்திருக்கத்தான் வேணும். குண்டு மற்றப் பக்கத்தாலே வெளியேறினால்தான் பிளாக்பெரிக்குள்ளே தடம் கிடைக்கும். உள்ளேயே தங்கினால் மேல் ஓட்டையாலே இரத்தம் பெரிசா வராது. பாரமான குண்டின்ரை உண்மையான லாபம் அதுதான்.

பதில்: போல்ட்கைப்பிடி

ஒரு மாற்றுக்கருத்து. வாங்கிய 220 பெட்டியை வீணாக்க வேண்டாம். 5 செ.மீ. குரூப் 60 மீட்டருக்குப் போதும், போதாதென்று யாரும் சொல்ல முடியாது. 100 மீட்டரில் ஜீரோ வையுங்கள். 200-இல் சுமார் 20 செ.மீ. கீழே விழும், அதனால் அந்தத் தூரத்துக்கு ஆசைப்படாதீர்கள். புதுத் துப்பாக்கியே வாங்குவதென்றால் .45-70-ஐ விட 9.3×62 மேல்: 286 கிரெய்ன், அடர்த்தி 0.305, வேகம் 2360 அடி சுமார். உதை கூடத்தான்.

புதர்ப்பக்கம்:

180 பார்ட்டிஷன் ஒரு பெட்டி எடுக்கிறேன், துப்பாக்கி மாற்றவில்லை. ஜீரோ எங்கே வைப்பது?

பதில்: முறுக்குக்கணக்கு

100 மீட்டரில் 4-5 செ.மீ. மேலே. அப்படி வைத்தால் 180 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரை நேர்க்குறியே போதும். முதலில் 25 மீட்டரில் காகிதத்தில் விழுகிறதா பாருங்கள், பிறகு 100-க்குப் போங்கள். மூன்று சுட்டுப் பீப்பாயை ஆறவிட்டு அடுத்த மூன்று. கடைசியாக, சுத்தம் செய்து ஆறிய பீப்பாயில் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று தனியாக ஒரு காகிதத்தில் பாருங்கள். அது மற்றவற்றிலிருந்து தள்ளி விழுந்தால், வேட்டைக்குக் கிளம்புமுன் இரண்டு குண்டு சுட்டு, பிறகு துடைக்காமல் எடுத்துப்போங்கள்.