384 பேரிடம் சர்வே எடுக்கச் சொல்கிறார் கைடு, தோப்புக்காரர்கள் எல்லோரும் '3' என்கிறார்கள்

எம்பிஏ_போச்சம்பள்ளி எழுதியது:

வணக்கம். எம்பிஏ இரண்டாம் வருடம் படிக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து மா விவசாயிகள் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குக் காய் விற்பதில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்பது ப்ராஜெக்ட். தலைப்பு என்னுடையது இல்லை, ஒரு சீனியருடையதில் பயிரையும் ஊரையும் மாற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். 40 கேள்வி, எல்லாம் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை 5 கட்டம். கைடு 384 பேர் வேண்டும் என்கிறார், ஏன் 384 என்று கேட்டால் "அதுதான்மா கணக்கு" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினம் பக்கம் போய் 11 பேரிடம் கேட்டேன். "கொள்முதல் நடைமுறை வெளிப்படையாக உள்ளது, உடன்படுகிறீர்களா?" என்றதும் ஒரு தாத்தா என் முகத்தையே பார்த்தார். அப்புறம், "உனக்கு எதைப் போட்டா மார்க் வரும்மா, அதைப் போட்டுக்கோ" என்றார். மற்றவர்கள் கிட்டத்தட்ட எல்லாக் கேள்விக்கும் நடுக்கட்டம், 3. கூடப் படிக்கிறவர்கள் ஹாஸ்டலில் உட்கார்ந்து அவர்களே பேனா மாற்றி மாற்றி நிரப்புகிறார்கள், பதில்கள் நம்பத்தக்கதா என்று பார்க்கப் போடுகிற ஆல்பா எண் 0.9க்கு மேல் வருகிறதாம். 45 நாள்தான் இருக்கிறது, சீசனும் முடியப்போகிறது. நானும் அதையே செய்துவிடவா என்றுகூடத் தோன்றுகிறது. அந்த 384 எங்கிருந்து வருகிறது என்றாவது யாராவது சொல்லுங்கள்.

ஓசூர்_கணக்கன் எழுதியது:

384 மந்திர எண் இல்லைங்க. புள்ளியியலில் 95 சதவீத நம்பிக்கைக்கு உரிய எண் 1.96, அதை வர்க்கப்படுத்தி 0.25 ஆல் பெருக்கி, 5 சதவீதப் பிழையின் வர்க்கமான 0.0025 ஆல் வகுத்தால் 384.16. அந்த 0.25 எதற்கு என்றால், ஊரில் பாதிப்பேர் ஆமாம், பாதிப்பேர் இல்லை என்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை, அதற்கும் தாங்கட்டும் என்று வைத்தது. 1970இல் கிரெஜ்சியும் மோர்கனும் போட்ட அட்டவணையில் மொத்தம் 1,000 பேர் என்றால் 278 போதும், 5,000 என்றால் 357, ஒரு லட்சத்துக்குத்தான் 384.

ஆனால் இதெல்லாம் பெயர்ப்பட்டியலை வைத்துக் குலுக்கி எடுத்தால் மட்டும். கம்பெனி வாசலில் டிராக்டரோடு நிற்கிறவரை எல்லாம் பிடித்து 384 சேர்த்தால் அந்தக் கணக்கு செல்லாது. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி அட்டை அனுப்பி 24 லட்சம் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46ஐ அள்ளினார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து ஆளைப் பிடித்தார்கள், அதிலும் மெனக்கெட்டு பதில் போட்டவர்கள் ஒரு மாதிரியான ஆட்கள். 24 லட்சமே காப்பாற்றவில்லை, 384 காப்பாற்றுமா?

ஹாஸ்டல் விஷயம். க்ரான்பாக் 1951இல் எழுதிய அந்த ஆல்பா, கேள்விகளுக்கு வந்த பதில்கள் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கும். ஒரே மூளை எல்லாத் தாளையும் நிரப்பினால் சேர்ந்துதான் ஏறும், இறங்கும். 0.9 வராவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எல்லாவற்றுக்கும் 3 என்றால் ஆல்பாவைப் போடவே முடியாது, ஏற்ற இறக்கமே இல்லையே. அந்த 3தான் உங்களிடம் இருக்கிற ஒரே நிஜமான தகவல் என்பேன்.

தோப்பு_வீட்டுப்_பொண்ணு எழுதியது:

தங்கச்சி, நான் தருமபுரி, எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்தவள், எங்கள் வீட்டிலும் மாந்தோப்பு உண்டு. எண்ணிக்கையை ஓரமாக வை, கேள்விதான் தப்பு. எங்கள் அப்பா பூ விடும்போதே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவார். காயை அறுத்து லோடு ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்பது குத்தகைக்காரர். மண்டிக்குப் போட்டால் அங்கிருந்து கம்பெனிக்குப் போவது வேறு ஆள். நேரடியாகக் கொண்டுபோகிற விவசாயி மூன்றாவது ஆள். மூன்று பேரையும் ஒரே தாளில் 'விவசாயி' என்று எழுதினால் யாருடைய திருப்தியை அளக்கிறாய்?

அப்புறம், வாசலில் வைத்து ஃபைலும் கையுமாகக் கேட்காதே. கம்பெனி அனுப்பிய ஆள், இல்லாவிட்டால் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள். கம்பெனி ஆள் என்று நினைத்தால் 3, நிவாரண ஆள் என்று நினைத்தால் ஒரே புலம்பல். கலெக்டர் ஆபீசில் விலைக்காக விவசாயி, கம்பெனி, அதிகாரிகள் உட்காரும் முத்தரப்புக் கூட்டம் நடக்கிற சமயம் என்றால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு வார்த்தையும் அளந்துதான் வரும். சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்குப் போ. 'உடன்படுகிறீர்களா' வேண்டாம், கடைசியாகப் போட்ட லோடைக் கேள். பெங்களூராவா அல்போன்சாவா, எத்தனை டன், டன் என்ன விலை, விலை எப்போது தெரிந்தது, ஏற்றும் முன்னாலா இறக்கிய பிறகா, வரிசையில் எத்தனை மணி நேரம், காசு எத்தனை நாளில் வந்தது. போன வாரத்து லோடு யாருக்கும் மறக்காது. வெளிப்படையா இல்லையா என்பதை அதிலிருந்து நீ எழுதிக்கொள்.

பழைய_வாத்தியார் எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் கைடிடம் போய் "384 தப்பு சார்" என்று நிற்காதேம்மா, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அவர்தான் உன் பக்கம் உட்காருவார். 6 கிராமம், பட்டியலிலிருந்து ஊருக்கு 20 பேர், 120 தாள், கூடவே 10, 12 பேரிடம் உட்கார்ந்து நீளமான பேச்சு என்று எழுதிக்கொண்டு போ. 120 பேருக்குப் பிழை சுமார் 9 சதவீதம் வரும், அதை மறைக்காமல் எழுது. நீளமான பேச்சுக்கு 12 எப்படிப் போதும் என்று கேட்டால் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் 2006இல் எழுதிய கட்டுரையைக் காட்டு, 60 பேட்டியில் முதல் 12க்குள்ளேயே பெரும்பாலான விஷயங்கள் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கணக்குப் போட எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் திருட்டுக் காப்பி தேடி அலையாதே, ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம்.

ஓசூர்_கணக்கன் எழுதியது:

சார், ஒரு சின்னத் திருத்தம். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள், அதனால் 6 ஊரில் எடுத்த 120க்குப் பிழை 9ஐத் தாண்டும். ஊரைக் கூட்டி ஊருக்கு ஆளைக் குறைத்தால் நல்லது. 12 ஊர், பத்துப் பத்துப் பேர். பஸ் செலவுதான் உதைக்கும்.

எம்பிஏ_போச்சம்பள்ளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 40ஐ 14 ஆக்கி, அக்கா சொன்னபடி நேற்று எட்டுப் பேரிடம் திண்ணையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். ஒருவருக்கே முக்கால் மணி நேரம் ஆகிறது, மோர் வேறு. எட்டில் ஐந்து பேர் நான் கேட்காமலே எடையில் பிடிக்கும் கழிவைப் பற்றித்தான் ஆரம்பித்தார்கள், என் பழைய 40 கேள்வியில் கழிவு என்ற வார்த்தையே இல்லை! அதை 15ஆவது கேள்வியாகப் போட்டுவிட்டேன். கைடு 150 என்று இறங்கி வந்திருக்கிறார். சந்தூர் பக்கம் ஒருவர் சொந்தத் தோப்பும் வைத்திருக்கிறார், பக்கத்துத் தோப்பைக் குத்தகைக்கும் எடுத்திருக்கிறார். அவரை எந்தத் தாளில் எழுதுவது அக்கா?

தோப்பு_வீட்டுப்_பொண்ணு எழுதியது:

கடைசி லோடு எந்தத் தோப்புக் காய் என்று கேள், அதை வைத்து எழுது. இரண்டையும் கலந்து ஏற்றினேன் என்பார், அதற்கும் ஒரு கட்டம் போட்டு வை.