1956 டான் லார்சன் பர்ஃபெக்ட் கேம் பேப்பர்: அசலா, ரீப்ரின்ட்டா? எப்படிப் பார்ப்பது?

சேகரன்
வணக்கம் நண்பர்களே. 1956 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடர்) ஐந்தாவது ஆட்டத்தில் யாங்கீஸ் பந்துவீச்சாளர் டான் லார்சன், டாட்ஜர்ஸுக்கு எதிராக வீசிய பர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் தொட விடாத ஆட்டம்) செய்தி வந்த பேப்பர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரே ஆளிடம் இரண்டு இருக்கின்றன: அக்டோபர் 9 தேதியிட்ட நியூயார்க் டைம்ஸ் முழு இதழ், அக்டோபர் 8 தேதியிட்ட புரூக்ளின் ஈகிள், முதல் தாள் மட்டும். ஆட்டம் நடந்த அன்றே வந்தது என்பதால் ஈகிளுக்குத்தான் மதிப்பு அதிகம் என்கிறார். வேண்டுமானால் லேமினேட் செய்தும் தருவாராம். நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ஹாலில் ஃப்ரேம் போட்டு மாட்டலாமா?

மைக்கறை
ஈகிளைத் தொடவே வேண்டாம். வேலைநிறுத்தத்தில் சிக்கி 1955 ஜனவரியிலேயே நின்றுபோன பத்திரிகை அது. மறுபடி தலைகாட்டியது 1960இல்தான். 1956 அக்டோபரில் அப்படியொரு இதழே கிடையாது.

தேதி விஷயம் தனி. ஆட்டம் திங்கட்கிழமை பகல் 1 மணிக்குத் தொடங்கி 2 மணி நேரம் 6 நிமிடம் நடந்தது. அதனால் டைம்ஸ், ஹெரால்ட் டிரிபியூன், டெய்லி நியூஸ் மாதிரி காலைப் பத்திரிகை என்றால் 9ஆம் தேதி போட்டிருக்க வேண்டும். 8ஆம் தேதி போட்ட காலை இதழில் நான்காவது ஆட்டத்தின் செய்திதான் இருக்கும். ஜர்னல் அமெரிக்கன், வேர்ல்ட் டெலிகிராம் போன்ற மாலைப் பத்திரிகைகளில் 8ஆம் தேதியே வர முடியும், ஆனால் அன்றைய கடைசிப் பதிப்புகளில் மட்டும். பகலில் அச்சான முந்தைய பதிப்பில் செய்தியே இருக்காது, இருந்தால் பாதி ஆட்டத்து ஸ்கோர் இருக்கும். ஆகவே தேதியோடு பதிப்பின் பெயரையும் பாருங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆட்டம் முடிந்தபோது நண்பகல் வாக்கில்தான் என்பதால், அங்கத்திய மாலைப் பத்திரிகைகளில் 8ஆம் தேதியே முழுச் செய்தி கிடைக்கும்.

டைம்ஸ் முழு இதழ் என்பது பெரிய பலம். விளையாட்டுப் பக்கத்தின் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டக் கணக்குப் பட்டியல்) பிரித்துப் பாருங்கள்: டாட்ஜர்ஸ் பக்கம் ரன், ஹிட், எரர் மூன்றும் 0, யாங்கீஸ் 2, 5, 0. அந்தப் பக்கம் இல்லாத இதழை நான் முழு இதழ் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழந்தாள்
மைக்கறை சொன்னதோட தாளையும் சோதிக்கணும். 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு, சின்ன டார்ச் ஒண்ணு போதும்.

முதல்ல செய்தி எழுத்து. அசல் ஈய அச்சு. உருளை அழுத்தி அடிச்சது. லென்ஸ்ல பார்த்தா எழுத்தோட ஓரத்துல மை பிதுங்கி ஒரு கருங்கோடு மாதிரி நிக்கும், உள்பக்கம் கொஞ்சம் வெளுப்பா இருக்கும். டார்ச்சைத் தாளோட பக்கவாட்டுல படுக்க வெச்சு அடிச்சா, பின்பக்கம் அழுத்தின தடம் லேசா மேடு தட்டும். ரீப்ரின்ட் ஆஃப்செட் (அழுத்தாம மையை ஒத்தி எடுக்குற அச்சு), தாள் மொழுமொழுன்னு இருக்கும், எழுத்து ஓரத்துல அந்தக் கருங்கோடும் இருக்காது. படத்துல புள்ளி இருக்குறது ரெண்டுலயும் சகஜம், ஆனா எழுத்துலயே புள்ளி தெரிஞ்சா அது பழைய பக்கத்தைப் படம் பிடிச்சு அடிச்சது. மடிப்புக் கோடும் கிழிசலும் மையாவே அச்சாகியிருந்தா, மேல பார்க்கவே வேண்டாம்.

அப்புறம் நிறம். மரக்கூழ்த் தாள் காத்தும் வெளிச்சமும் பட்ட இடத்துலதான் பழுக்கும்: ஓரம், மடிப்பு, வெளிப்பக்கம். உள்தாள்கள் வெளுப்பா இருக்கணும். எல்லாப் பக்கமும் ஒரே பழுப்புன்னா டீத்தண்ணியில முக்கியிருக்கலாம். நனைஞ்ச தாள் அலையலையா நெளிஞ்சும் இருக்கும். யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சா பழைய தாள் மங்கலாவே இருக்கும், இப்போதைய வெள்ளைத் தாள் நீலமா பளிச்சுன்னு எரியும்.

முதுகுப்பக்கம் வரிசையா தையல் ஓட்டை இருந்தா பயப்படாதீங்க. பக்கங்களைச் சின்னப் படச்சுருள்ல (மைக்ரோஃபிலிம்) எடுத்ததும் நூலகங்கள் கழிச்சுவிட்ட பைண்டு வால்யூம்ல இருந்து பிரிச்சதா இருக்கும். வெளிச்சமே படாம இருந்ததால தாள் பெரும்பாலும் நல்லாவே இருக்கும்.

சேகரன்
நன்றி. ஈகிள் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. டைம்ஸில் நடு மடிப்பு மொடமொடவென்று இருக்கிறதாம், ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசலும் உண்டாம். செலோடேப் ஒட்டலாமா?

தாள்காப்பு
செலோடேப்பும் கூடாது, லேமினேஷனும் கூடாது. டேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேட் செய்தால் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. சேகரிப்பு மதிப்பும் அன்றோடு போய்விடும்.

மொடமொட மடிப்பை வலிந்து விரிக்க வேண்டாம். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் ட்ரேயின் அடியில் ஈர ஒற்றுத்தாள், அதற்கு மேல் ஒரு கம்பித் தட்டு, தட்டின் மேல் பேப்பர். தண்ணீர் நேரடியாகப் படக்கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் தாள் இளகும். இரவு முழுக்க விட்டால் பூஞ்சை வரும். பிறகு மெதுவாக விரித்து, உலர்ந்த ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடியும் எடையும் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். கிழிசலுக்குப் பின்புறம் மெல்லிய ஜப்பானியத் தாள், கோதுமை ஸ்டார்ச் பசை. பசை கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்துப்போனால் கறை வளையம் விழும்.

வைக்கும்போது பின்னால் கால்சியம் கார்பனேட் கலந்த அமிலமற்ற அட்டை, வெளியே 4 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு) தடிமனுள்ள பாலியஸ்டர் உறை. பிவிசி உறை ஆகாது. அட்டை இல்லாமல் உறையில் மட்டும் அடைத்தால், தாள் விடும் அமிலம் உள்ளேயே தங்கி இன்னும் வேகமாகப் பழுக்கும். பெட்டியில் தட்டையாக, 35 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கட்டும். பரண் வேண்டாம்.

ஹாலில் மாட்ட வேண்டுமென்றால் முதல் பக்கத்தை நல்ல ஸ்கேனரில் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு அதை மாட்டுங்கள். அசலைத்தான் மாட்டுவேன் என்றால் யூவி தடுக்கும் அக்ரிலிக் போட்டு, தாள் அதில் ஒட்டாதபடி நடுவில் மேட் (ஓர அட்டை) வைத்து, 50 லக்ஸுக்கு (வெளிச்ச அளவு) மேல் வெளிச்சம் படாத சுவரில் சில மாதங்கள் மட்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தாளைப் பழுக்க வைக்கும், யூவி தடுப்பு அதை நிறுத்தாது.