கல்லில் ஒரு தபசு, மரத்தில் ஒரு தபசு

குழுவாக மரபுப் பயணம் என்றாலே ஒரே நாளில் ஆறேழு இடம் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். வண்டியை விட்டு இறங்கு, படம் எடு, ஏறு. எங்கள் குழு அந்தப் பழக்கத்தை விட்டு ரொம்ப நாளாகிறது. மாமல்லபுரம் போனால், தவம் (தபசு) செய்யும் ஒருவரையும் அவரைச் சுற்றித் தேவர், மனிதர், விலங்குகளையும் செதுக்கியிருக்கும் தபசுப் பாறைக்கு மட்டுமே ஒரு காலைப் பொழுதைக் கொடுத்துவிடுவோம். அப்படி நின்ற ஒரு நாள் எங்களை ஒரு கிராமத்துக் கூத்துவரை இழுத்துக்கொண்டு போனது. அதைத்தான் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயிலில் ஒவ்வொரு உருவமும் எடுப்பாகத் தெரியும். மதியத்துக்கு மேல் முகப்பு நிழலுக்குள் போய்விடும், நுணுக்கங்கள் மங்கிவிடும். ஆகவே சீக்கிரம் போய்விடுங்கள்.

ஏறத்தாழ 90 அடி நீளப் பாறை, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. ஒரே மூச்சில் பார்த்தால் கண்ணில் எதுவும் தங்காது. அதனால் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது, பிறகு அவரவர் கண்டதைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. தனியாகப் போயிருந்தால் இதில் பாதிகூட என் கண்ணில் பட்டிருக்காது. பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானைக் கண்டுபிடித்தது ஒரு பள்ளிச் சிறுமி. நடுவில் இருக்கும் பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலே வருகிறார்கள் அல்லவா, அதற்குக் கீழே ஆற்றங்கரையில் குளித்துவிட்டு வந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதில் ஒருவன் துணி பிழிகிறான். எங்களோடு வந்த நெசவாளர் ஒருவர் அவனை விட்டு நகரவே இல்லை. "ஈரத் துணியோட கனம் கையில தெரியுது பாருங்க" என்றார். அதன்பிறகு எல்லோரும் அங்கே வந்து நின்றுவிட்டோம்.

யானைகளுக்குப் பக்கத்தில் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையை எல்லோரும் படம் எடுப்பார்கள், சிரிப்பார்கள். காலடியில் எலிகள். இந்தக் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் கையைத் தூக்கி நின்ற பூனையை நம்பி எலிகள் மோசம் போன கதை. போருக்கு முன்னால் உலூகனைத் தூது அனுப்பும் துரியோதனன், தருமனை அந்தப் பூனையோடு ஒப்பிட்டு ஏளனம் செய்யச் சொல்லி அனுப்புகிறான். இதைக் குழுவில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்னதும் வழக்கமான விவாதம் கிளம்பிவிட்டது. பாறையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்வது, சிவனிடம் ஆயுதம் வேண்டிய அருச்சுனனா, கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதனா? ஆறும் நாகர்களும் குளிப்பவர்களும் இருக்கிறார்களே, இது கங்கைதான், ஆகவே பகீரதன் என்றது ஒரு கட்சி. பாறைக்கு மேலே நீர்த்தொட்டி இருந்த தடயம் உண்டு, அங்கிருந்து இந்தப் பிளவு வழியாகத் தண்ணீரை விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். பூனை பாரதக் கதையில் வருவதால் இது அருச்சுனன் என்றது இன்னொரு கட்சி. சிவனின் வரம் தரும் கை இருவருக்குமே பொருந்துகிறது.

அதுவரை பேசாமல் இருந்த ஒரு அம்மா, வந்தவாசிப் பக்கத்துக்காரர், தவசியின் விலா எலும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல அருச்சுனன் தபசு மரத்துல ஏறுவாருங்க. நீங்க யாரும் பார்த்ததில்லையா?" என்று கேட்டார். பெரும்பாலோர் பார்த்ததில்லை. சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று அங்கேயே முடிவாயிற்று.

வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழா பல நாள் நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், இரவில் கூத்து விடிய விடிய நடக்கும். நாங்கள் முந்தைய இரவே போய்விட்டோம். திரைக்குப் பின்னால் நின்று பாட்டிலேயே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வேடம், நடுநடுவே கேள்வி கேட்கும் கட்டியங்காரன், முகவீணை என்ற சிறு ஊதுகருவியின் கூர்மையான ஓசை எல்லாம் விடியும்வரை எங்களை உட்கார வைத்தன. ஒரு பெரியவர் வந்து, "வெளியூருங்களா? முன்னாடி வந்து உட்காருங்க" என்று பாயை நகர்த்திக் கொடுத்தார்.

மறுநாள் தபசு. வெட்டவெளியில் உயரமான மரம் நட்டு, ஏறுவதற்குப் படி வைத்திருந்தார்கள். வேடம் கட்டியவர் அடியிலேயே பாட ஆரம்பித்தார். ஒரு படி, ஒரு பாட்டு என்று நிதானமாக ஏறினார். கிரீடமும் புஜக்கட்டைகளும் வெயிலில் மின்னின. இரவு முழுக்க ஆடிய உடம்பு அது. உச்சிக்குப் போனதும் விபூதியும் பூவும் எலுமிச்சையும் கீழே வீசினார். பிள்ளை வரம் வேண்டி ஈரப் புடவையோடு காத்திருந்த பெண்கள் முந்தானையை ஏந்தினார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பழம் கிடைத்துவிட்டது. அவருடைய மாமியார் அதைக் கையோடு வாங்கி முந்தானையில் முடிந்து வைத்தார். இரண்டு பேருமே அழுதார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்களுக்கு நடுவே புகுந்துவிடாதீர்கள். வேறு எங்கிருந்தோ வந்த ஒரு கூட்டம் அன்றைக்கு அப்படித்தான் செய்தது. ஊர்க்காரர்கள் பொறுமையாகத்தான் விலக்கினார்கள், ஆனாலும் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நாங்கள் கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம்: கூத்தைப் படம் எடுக்கலாம், வேண்டுதலை எடுக்கக் கூடாது. எந்தக் குழுவும் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

திரும்பி வரும் வழியில் பகீரதன் கட்சிக்காரர்கள் பாதிப் பேர் அருச்சுனன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கல்லைப் பற்றிய சான்று எதுவும் இதனால் கூடிவிடவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் வானத்தைப் பார்த்துக் கைதூக்கி நிற்கும் ஒரு மனிதனையும், அவனைச் சுற்றி எதையோ எதிர்பார்த்து நிற்கும் கூட்டத்தையும் நேரில் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, பாறையில் இருக்கும் கூட்டம் வேறு மாதிரி தெரிகிறது. எல்லா உருவங்களும் அந்தப் பிளவை நோக்கியே வருகின்றன. அதில் மனிதர், தேவர், விலங்கு என்று பேதமே இல்லை.

அடுத்து படுகளம் பார்க்கப் போவதாகப் பேச்சு. மண்ணால் தரையில் துரியோதனனைப் பெரிதாகக் கிடத்தி, தொடையில் பீமன் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவதோடு பாரதம் நிறைவுறும். உங்கள் ஊர்ப் பக்கம் இது நடக்குமானால் எந்த மாதத்தில், கொடியேற்றத்திலிருந்து எத்தனையாவது நாளில் என்று சொல்லுங்கள். வெளியூர் ஆட்கள் வந்தால் ஊரார் யாரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.