புதுப்பிப்பு: கட்டட நிர்வாகத்தில் வேலை கிடைத்துவிட்டது

ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்ப்பவர் சொத்து நிர்வாகத்துக்கு மாற முடியுமா, அதற்கு முதலில் சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? மாறிவிட்டேன். வாடகைக் குடியிருப்பு ஒன்றில் உதவி மேலாளர் வேலை.

நேர்காணலில் ரியல் எஸ்டேட் பற்றி அதிகம் கேட்கவில்லை. நடுராத்திரியில் ஒரு வீட்டில் குழாய் வெடித்துவிட்டது என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். வால்வை மூடச் சொல்வேன், கீழ்வீட்டுக்காரரை எழுப்புவேன், பிளம்பரைக் கூப்பிடுவேன், சேதத்தைப் படம் எடுத்து உரிமையாளருக்கு எழுதுவேன் என்றேன். கோபமாக இருக்கிற ஆளிடம் நிதானமாகப் பேசிய ஹோட்டல் அனுபவம்தான் கைகொடுத்தது.

சான்றிதழ் விஷயம்: ஐரெம் (IREM) என்கிற அமெரிக்கச் சொத்து நிர்வாக அமைப்பு தரும் சிபிஎம் (CPM, அதாவது சான்றிதழ் பெற்ற சொத்து மேலாளர்) பட்டத்துக்கு இந்தத் துறையில் வேலை பார்த்த அனுபவமே ஒரு தகுதி, அதனால் புதிதாக நுழைபவர்கள் அதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அந்தக் காசுக்கு எக்செல் கற்றுக்கொள்ளுங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் இந்த வேலையில் பாதி கணக்குதான். வாடகை பாக்கி, காலி வீடுகள், பராமரிப்புச் செலவு எல்லாவற்றையும் மாதாமாதம் உரிமையாளருக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும், குடியிருப்பவர்களின் முன்பணத்தை நடப்புச் செலவுப் பணத்தோடு கலக்கவே கூடாது, ஒருவர் குடிவரும்போதே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் காலி செய்யும்போது வரும் சண்டையில் முக்கால்வாசி குறையும்.

அடுத்து அலுவலகக் கட்டடங்கள் பக்கம் போக ஆசை. லிஃப்ட், ஏசி பராமரிப்பு ஒப்பந்தங்களை இப்போதே படித்துக்கொண்டிருக்கிறேன். தூக்கம் நன்றாக வருகிறது.