டெபியன் 13-க்கு மாறியபின் டிரைவர் கம்பைல் ஆகவில்லை: ஜிசிசியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஆய்வக உதவியாளர்

வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதிர்வுகளைப் பதிவுசெய்யும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று உள்ளது. அதன் டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு வருவதில்லை; தயாரிப்பாளர் தந்த சோர்ஸ் கோடை நாங்களே கம்பைல் செய்து ஏற்றிக்கொள்கிறோம். லினக்ஸின் ஒரு வகையான டெபியனின் 12-ஆம் பதிப்பில், 6.1 கெர்னலில், எந்தக் குறையும் இல்லாமல் இயங்கியது. டெபியன் 13-க்கு மாறிக் கெர்னல் 6.12 ஆனதும், மாட்யூல்களின் (கெர்னலில் ஏற்றும் துண்டுகளின்) கோப்புறையில் ‘பில்ட்’ என்ற இணைப்பே இல்லை என்று சொல்லி, கம்பைலை நடத்தும் மேக் கட்டளை நின்றுவிட்டது. கெர்னல் ஹெடர் பேக்கேஜை நிறுவியபின் அந்தச் செய்தி மறைந்தது. ஆனால் இப்போது திரை நிறையப் பிழைகள் வருகின்றன, கடைசி வரியில் ‘எர்ரர் 2’ என்று இருக்கிறது. அதைத் தேடினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விடைகளே கிடைக்கின்றன. ஜிசிசி 14 கம்பைலர் பழைய கோடிடம் கடுமை காட்டுவதால் ஜிசிசி 12-ஐ நிறுவிக் கம்பைல் செய்தால் போதும் என்று ஒருவரும், எச்சரிக்கைகளை அடக்கும் ஆப்ஷனைச் சேர்த்தால் போதும் என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் எது சரி?

மறுமொழி 1: முனையவாசி

இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ‘எர்ரர் 2’ என்பது நோயின் பெயர் அன்று. உள்ளே ஓடிய ஏதோ ஒரு கட்டளை தோற்றுவிட்டது என்று மேக் தெரிவிக்கும் தகவல் மட்டுமே, ஆகவே அதைத் தேடிப் பயனில்லை. நீங்கள் படிக்க வேண்டியது முதல் பிழையை. அதற்குப் பின்னால் வருபவற்றில் பெரும்பகுதி முதற்பிழையின் எதிரொலியாகவே இருக்கும். மேக் கட்டளையை ‘-ஜே’ ஆப்ஷனோடு ஓட்டினால் பல கோப்புகள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆகி, அவற்றின் செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எனவே ‘மேக் கிளீன்’ செய்தபின், அந்த ஆப்ஷன் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, வெளியீடு, பிழை ஆகிய இரண்டையும் ‘டீ’ கட்டளை வழியாக ஒரே கோப்பில் சேமித்து, மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் வரும் பிழையை இங்கே இடுங்கள்.

ஆய்வக உதவியாளர்

நன்றி. நீங்கள் சொன்னபடி செய்ததும் உண்மையான பிழைகள் சிலவே என்பது தெரிந்தது. ‘கிளாஸ்_கிரியேட்’ வரும் ஒரே வரியில் இரண்டு பிழைகள்: முதல் ஆர்குமென்டின் (ஃபங்க்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பின்) பாயின்டர் வகை பொருந்தவில்லை என்பது ஒன்று, ஆர்குமென்ட்கள் தேவைக்கு மேல் உள்ளன என்பது மற்றொன்று. வேறொரு கோப்பில், சரத்தை நகலெடுக்கும் ‘எஸ்டிஆர்எல்சிபிஒய்’ என்ற ஃபங்க்ஷன் அறிவிக்கப்படவில்லை என்று வருகிறது.

மறுமொழி 2: கெர்னல் கரை

இப்போது விடை எளிது. ஜிசிசியின் மீது குற்றமே இல்லை. கெர்னல் தன்னைப் பயன்படுத்தும் புரோகிராம்களுக்குக் காட்டும் இடைமுகத்தை உடைக்காமல் காக்கும். ஆனால் தனக்குள்ளே டிரைவர்கள் அழைக்கும் ஃபங்க்ஷன்களுக்கு அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை என்று கெர்னலின் ஆவணங்களே வெளிப்படையாகச் சொல்கின்றன. கெர்னல் மரத்துக்குள் இருக்கும் டிரைவர்களை, ஃபங்க்ஷனை மாற்றுபவரே கூடவே திருத்திவிடுவார். வெளியே இருக்கும் உங்கள் டிரைவரைத் திருத்த ஆள் இல்லை.

6.3 வரை ‘கிளாஸ்_கிரியேட்’ இரண்டு ஆர்குமென்ட்களைப் பெற்றது: ‘திஸ்_மாட்யூல்’ முதலாவது, பெயர் இரண்டாவது. 6.4-இல் முதலாவது நீக்கப்பட்டு, பெயர் மட்டும் போதும் என்றானது. அதனால்தான் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாட்யூலின் பாயின்டரைக் கண்டு ஒரு பிழையும், மிஞ்சிய ஆர்குமென்டைக் கண்டு இன்னொரு பிழையும் எழுகின்றன. ஆர்குமென்ட் மிகுந்தால் எந்த ஜிசிசியும் ஏற்காது என்பதால் 12-க்குத் திரும்பினாலும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். அதோடு, கெர்னலைக் கம்பைல் செய்த கம்பைலரும் இதுவும் வேறு என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொள்ளும். எச்சரிக்கைகளை அடக்கும் ஆப்ஷன் பிழைகளை அடக்காது. பார்க்க வேண்டியவற்றை மறைப்பதுதான் அதனால் விளையும்.

கெர்னல் பதிப்பு 6.4 அல்லது அதற்கு மேல் என்றால் புதிய வடிவம், இல்லையேல் பழைய வடிவம் என்று ‘#இஃப்’ நிபந்தனைக்குள் இரண்டையும் எழுதிவிடுங்கள். டெபியனில் இது போதும். ரெட் ஹேட் வகை லினக்ஸ்களில் புதிய மாற்றங்களைப் பழைய எண் கொண்ட கெர்னலுக்குள் கொண்டுவரும் வழக்கம் உண்டு என்பதால், அங்கே பதிப்பு எண்ணை மட்டும் நம்ப முடியாது.

மற்றக் கோப்பில் வரும் பிழையில்தான் கவனம் தேவை. ‘எஸ்டிஆர்எல்சிபிஒய்’ 6.8-இல் நீக்கப்பட்டது, அதன் இடத்தில் ‘எஸ்டிஆர்எஸ்சிபிஒய்’ வர வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் கம்பைல் ஆகிவிடும், ஆனால் இரண்டும் திருப்பித் தரும் மதிப்பு வேறு. பழையது மூலச் சரத்தின் முழு நீளத்தைத் தந்தது. புதியது நகலெடுத்த எழுத்துகளின் எண்ணிக்கையையும், இடம் போதாமல் சரம் வெட்டுப்பட்டால் எதிர்மறையான பிழை எண்ணையும் தருகிறது. திரும்பி வரும் மதிப்பை இடத்தின் அளவோடு ஒப்பிடும் வரி உங்கள் கோடில் இருந்தால், அது சுழியத்திற்குக் கீழ் உள்ளதா என்று சோதிக்கும்படி அந்த வரியைத் திருத்துங்கள். மதிப்பைப் பயன்படுத்தாத இடங்களில் பெயர் மாற்றம் மட்டும் போதும்.

மறுமொழி 3: பழைய வட்டு

திருத்தங்கள் சரியே. எனினும் இது வலையோடு இணையாத ஆய்வகக் கணினி என்றால், கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் மெனுவில் இன்னும் இருக்கும் 6.1 கெர்னலில் பூட் செய்து அளவீடுகளைத் தொடர்வதில் தவறில்லை என்பது என் கருத்து. தேர்வுக் காலத்தில் டிரைவரைத் தோண்டிக்கொண்டிருப்பதைவிட அது மேல். தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை அந்தக் கெர்னலை அகற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலையில் இருக்கும் கணினிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆய்வக உதவியாளர்

இரண்டு திருத்தங்களையும் செய்ததும் கம்பைல் முடிந்தது. ஒப்பிடும் வரி ஓரிடத்தில் இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். ஆனால் மாட்யூலை ஏற்றும்போது, சாவி நிராகரிக்கப்பட்டது என்று மாட்யூலை ஏற்றும் மாட்புரோப் கட்டளை சொல்கிறது. இதற்கும் கோடில் ஏதாவது திருத்த வேண்டுமா?

மறுமொழி 4: கெர்னல் கரை

வேண்டாம். அந்தக் கணினியில், நம்பகமான கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் ஏற்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்குகிறது. கெர்னல் நம்பும் சாவியால் கையெழுத்திடப்படாத மாட்யூலை அது ஏற்காது. செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது எளிய வழிதான், ஆனால் பலர் புழங்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். டிரைவரை, வெளி மாட்யூல்களைப் பராமரிக்கும் கருவியான டிகேஎம்எஸ் வழியாக நிறுவினால், டெபியனில் அதுவே ஒரு சாவியை உருவாக்கி மாட்யூலில் கையெழுத்திடும்; கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தானாகவே மறுபடி கம்பைல் செய்யும். அப்போது ஏதேனும் தோற்றால், ‘வார்’ கோப்புறையின் ‘லிப்’ பகுதியில் டிகேஎம்எஸ் வைக்கும் ‘மேக்.லாக்’ கோப்பை முதலில் திறந்து பாருங்கள்.

அந்தச் சாவியின் பொதுப்பகுதியை ‘மோக்யுடில்’ கட்டளையால் பதிவுக்குக் கொடுத்தால், ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். கணினியை மறுதொடக்கம் செய்ததும் நீலத்திரை ஒன்று சில நொடிகள் மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, சாவியைச் சேர்க்கும் தேர்வுக்குப் போய், அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்த நொடிகளைத் தவறவிட்டால் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொலைவிலிருந்து உள்நுழைந்து இதைச் செய்ய இயலாது என்பதால், கணினியின் முன் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.