காடி கதவில் கீறல்: வீட்டிலேயே சரி செய்யலாமா?

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். என்னுடையது 2013 மைவி கார், சில்வர் நிறம். அப்பா தவணை கட்டி முடித்து எனக்குக் கொடுத்த காடி. எங்கள் அடுக்குமாடியில் மோட்டார் சைக்கிள்கள் காடிகளுக்கு நடுவில் நுழைந்துதான் போகும். போன வாரம் யாருடைய ஹேண்டலோ இடது பின்கதவில் உரசிவிட்டது. ஒன்றரைச் சாண் நீளம். முக்கால்வாசி மெல்லிய வெள்ளைக் கோடு. கைப்பிடிக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறம் தெரிகிறது. பட்டறையில் கேட்டால் கதவு முழுக்க அடிக்க வேண்டும், 350 வெள்ளி என்கிறார்கள். இந்த மாதம் என்னால் முடியாது. பற்பசை தேய்க்கச் சொல்கிறாள் தோழி. தேய்க்கலாமா? கடல் பக்கம் என்பதால் துருதான் பயமாக இருக்கிறது.

பட்டர்வொர்த் கறுப்பு காடி:
பற்பசை வேண்டாம். நான் தேய்த்தேன். கீறல் அப்படியே இருந்தது, சுற்றிலும் மங்கலாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. வெயிலில் நிறுத்தினால் தூரத்திலிருந்தே தெரியும்.

செகாம்புட் பழைய பெயிண்டர்:
தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். சாம்பல் நிறம் என்றால் பிரைமர், கலருக்கு அடியில் இருக்கும் முதல் பூச்சு. அது இருக்கும் வரை இரும்பு மூடித்தான் இருக்கிறது. இரும்பு பளிச்சென்று தெரிந்தால்தான் அவசரம்.

காடியைக் கழுவிவிட்டு, கீறல் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் கோடு மறையும் இடத்தில் கிளியர், அதாவது கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, மட்டும்தான் கீறியிருக்கிறது. அது காம்பவுண்டுக்கு, அதாவது தேய்த்து மெருகேற்றும் பசைக்கு, போய்விடும். நகத்தால் குறுக்கே இழுத்தால் மாட்டுகிற இடம் ஆழமானது. அங்கே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கிளியர் மொத்தமே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. வெயிலைத் தாங்குவதும் அதுதான். கீறல் போகவில்லையே என்று தேய்த்துக்கொண்டே இருந்தவர்களின் காடி இரண்டு வருடத்தில் தோல் உரிவதைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

ஆழமான இடத்தை முதலில் முடியுங்கள். காம்பவுண்ட் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. பானட்டுக்கு உள்ளே அல்லது கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் கலர் குறியீடு இருக்கும். அதைச் சொன்னால் காடி பெயிண்ட் கடையில் கலந்து தருவார்கள். ஆல்கஹாலால் துடைத்து, பல்குத்தி முனையால் பள்ளத்துக்குள் மட்டும் விடுங்கள். மூடியில் உள்ள பிரஷ் ரொம்பத் தடிமன். மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம். அப்புறம் கிளியர். ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு மேடாக நிற்பதை 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து லேசாக, மேட்டின் மேல் மட்டும் தேயுங்கள். கடைசியில்தான் காம்பவுண்ட், நிழலில்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: சில்வரில் உலோகத் தூள் கலந்திருக்கிறது. ஸ்ப்ரேயில் அது படிகிற மாதிரி பல்குத்தியில் படியாது. பக்கத்தில் வந்து பார்த்தால் கொஞ்சம் கருமையாகத் தெரியும். சாதா வெள்ளையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

புக்கிட் மெர்தாஜாம்:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மழை வருகிற சாயங்காலத்தில் கிளியர் வைக்காதீர்கள். ஈரக் காற்றில் எனக்குப் பால் மாதிரி வெளுத்துவிட்டது. காலை பத்து மணி வாக்கில், கதவு சூடாவதற்கு முன் வைத்தால் சரியாக இருக்கும்.

ஜெலுத்தோங்வாசி:
அண்ணா, ரொம்ப நன்றி. தண்ணீர் தெளித்தேன்; விரல் நீளத்தைத் தவிர மற்றதெல்லாம் மறைந்தது. பெயிண்ட், கிளியர், உப்புத்தாள், சின்ன டப்பா காம்பவுண்ட் எல்லாம் சேர்த்து 60 வெள்ளிக்குள் முடிந்தது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்து, நேற்று காம்பவுண்ட் போட்டேன். நீளக் கோடு முழுதும் போய்விட்டது. கைப்பிடிக்குக் கீழே மட்டும் பென்சில் கோடு மாதிரி ஒன்று நிற்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, கதவை விரலால் தடவிப் பார்த்து, வலது பக்கக் கதவைக் காட்டி "இங்கேயா?" என்று கேட்டார். இந்தக் கோடு இப்படியே இருக்கட்டும். வாக்ஸை எத்தனை நாள் கழித்துப் போடலாம்?

செகாம்புட் பழைய பெயிண்டர்:
புதுப் பெயிண்ட் மேல் ஒரு மாதம் போகட்டும். மற்ற இடத்தில் இன்றைக்கே போடலாம்.